நான்காவது கிண்ணத்துத் துவரம்பருப்பு

1988ஆம் ஆண்டு ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருபத்தொன்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. தை மாதத்து இளவெயில் மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைச் சன்னல் வழியாக வந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் விழுந்திருந்தது. காற்று சிறிதும் இல்லை. அதுவரையில் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். காற்று அடித்தால் சுடர் ஆடும். சுடர் ஆடினால் என் மகளின் சோதனை கெடும். அந்த நிமிடத்தில்தான் மூன்றாவது தண்ணீரில் வெந்த பருப்பை இறக்கினோம். முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. அடுத்து ஏற வேண்டியது நான்காவது கிண்ணம். இன்னும் ஒரு நிமிடத்தில் ராகு காலம் பிறக்கப்போகிறது.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வருகிற புதன்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அட்டையில் எரிமலையும் ராக்கெட்டும் செய்துகொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவேன் என்று அறிவியல் ஆசிரியை சொல்லிவிட்டாராம். மாடல் வேண்டாம், சோதனை வேண்டும். அந்தச் சோதனையை எப்படி அமைப்பது என்று ஒரு வாரம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை மகள் ஒருநாள் சாப்பிடும்போது எங்களுக்குச் சொன்னாள்.

"மூணு விஷயம்தாம்பா. நாம மாத்தறது ஒண்ணு. அதனால என்ன ஆகுதுன்னு அளக்கறது ஒண்ணு. மத்தது எல்லாத்தையும் மாறாம பிடிச்சு வெச்சுக்கணும். மாத்தறதுக்குப் பேரு சாரா மாறி, அளக்கறது சார்ந்த மாறி."

"மத்ததெல்லாம்னா எத்தனை?" என்று கேட்டேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். எத்தனை என்று தெரியாமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது.

"அதை நாமதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். விட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான்னு மிஸ் சொன்னாங்க."

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டில் தினமும் புலம்பப்படுகிற விஷயம்: எந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வேகும்? வீட்டுக்காரர் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. வெந்தாலும் குழையாது; சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். தெருமுனை அடிபம்புத் தண்ணீர் சுமார். என் அலுவலக நண்பர் ஒருவர் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீர்தான் அருமை. இந்த மூன்றையும் வைத்துத்தான் அவள் சோதனையை அமைத்திருந்தாள். நான்காவதைச் சேர்த்தது நான்.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆகஸ்டில் என் மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல் என்று அறுவை செய்தார்கள். கல்லை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார் டாக்டர். "எந்த ஊர்த் தண்ணி குடிக்கிறீங்க?" என்றார். சொன்னேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இனித் தொடக் கூடாது, நல்ல தண்ணீராக ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வரும் என்றார். அந்தக் குப்பியை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். கல் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. ஐந்து முனைகள் இருந்தன.

நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துச் சொந்தமாக ஒரு மனை வாங்கி வீடு கட்டிப் போய்விட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம் போகிற வழியில் ஒரு கிரவுண்டு, அதாவது இரண்டாயிரத்து நானூறு சதுர அடி, கிடைத்தது. இன்று அந்தப் பக்கம் அடுக்கடுக்காகக் குடியிருப்புகள் நிற்கின்றன. அன்று வயலும் பனைமரமும் ஓர் ஏரிக்கரையும்தான். விலை இருபத்திரண்டாயிரம். வருங்கால வைப்புநிதிக் கடனும் மனைவியின் நான்கு வளையலும் அதற்குள் அடக்கம். மூவாயிரம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தேன். ஜனவரி 25, திங்கட்கிழமைக்குள் பதிவு செய்யாவிட்டால் முன்பணம் போய்விடும்.

மனையில் கிணறு இல்லை. அடுத்த வயலில் ஓர் இறைவைக் கிணறு இருந்தது. அந்தத் தண்ணீர் வாயில் உப்புக் கரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கிணற்றுத் தண்ணீரும் வாயில் கரிக்காது. பருப்பில் போட்டால்தான் அதன் குணம் தெரியும். பதினொரு பேரைக் கேட்டேன். ஆறு பேர் நல்ல தண்ணீர் என்றார்கள். மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டு பேர் என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். கிண்டியில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்தால் பரிசோதித்துச் சான்றிதழ் தருவார்கள் என்று ஒருவர் சொன்னபோது தேதி ஜனவரி 20. சான்றிதழ் வரப் பத்து நாள் ஆகும்.

ஆகவே சனிக்கிழமை மதியம் தரகரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போய், என் அலுவலகப் பைக்குள் அடங்கக்கூடிய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தேன். தரகர் கிணற்றின் மேட்டில் நின்றபடி என்னையும் கேனையும் பார்த்தார்.

"இன்னா சார் இது, கோயில் தீர்த்தமா? வூட்டுக்கு எட்த்துகினு போறே?"

"பருப்பு வேகுதான்னு பார்க்கணும்."

"வேகும் சார். தண்ணி கல்கண்டு மாதிரி கீது. நீ குட்ச்சியே, நல்லாத்தானே இருந்திச்சு?"

"குடிச்சேன். தெரியலை."

"பேஜார் பண்ணாத சார். அவனவன் இந்த ரோட்ல நாலு கிரவுண்டு, அஞ்சு கிரவுண்டுன்னு மட்ச்சுகினு கீறான். நீ ஒரு கிரவுண்டுக்குப் பருப்பு வேக வெச்சுப் பாக்கறே." பிறகு கொஞ்சம் இரக்கம் வந்தவர்போல, "நாளிக்கு ராத்திரி ஏழு மணிக்கு வூட்டாண்ட வரேன். ஆமாவா இல்லியான்னு சொல்லிடு. ஆமான்னா மறுநா காலீல ரிஜிஸ்டர் ஆபீஸ்" என்றார்.

ஞாயிறு மதியம் ஆரம்பித்தோம். மாறாமல் பிடித்து வைக்க வேண்டியவை என்று மகள் ஏழு சொன்னாள். நான் யோசித்து இன்னும் நான்கு சேர்த்தேன். ஒரே கடையில் ஒரே பொட்டலத்தில் வாங்கிய பருப்பு. ஒரே ஆழாக்கு, ஸ்கேலால் தலைதட்டியது. ஒரே பாத்திரம். ஒரே ஸ்டவ். திரி ஒரே உயரம். டேங்கில் மண்ணெண்ணெய் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு நிரப்ப வேண்டும் என்பது நான் சொன்னது. அதற்குக் குச்சி விட்டுப் பார்த்தேன். பருப்பைக் களைவதும் அந்தந்தத் தண்ணீரிலேயே, மும்மூன்று முறை. மஞ்சள் தூள் கிடையாது, விளக்கெண்ணெய்ச் சொட்டு கிடையாது. இதில் மனைவிக்கு மனமே இல்லை. மஞ்சள் போடாத பருப்பு நோயாளி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது என்றாள். வெந்ததா என்று பார்க்கக் கரண்டியில் மூன்று பருப்பு எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பதும் எப்போதும் அவளே.

"மாறாம இருக்க வேண்டியதுல என் கையையும் சேர்த்துட்டியாடி?" என்று மகளைக் கேட்டாள்.

"சேர்த்தாச்சும்மா. பத்தாவது."

"கல்யாணமாகிப் பதினேழு வருஷமா அதுதான் மாறாம இருக்கு. இப்பதான் ஒருத்தி எழுதி வெச்சிருக்கா."

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஐம்பத்திரண்டு நிமிடம். அடிபம்புத் தண்ணீரில் நாற்பத்துநான்கு. குவார்ட்டர்ஸ் தண்ணீரில் முப்பத்தெட்டு. ஒன்றை இறக்கி, பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, அடுத்ததை ஏற்ற ஐந்து நிமிடம். ஒவ்வொரு முறையும் முந்தையது இறங்கப்போகிற நேரத்தில் மனைவி அடுத்த ஆழாக்குப் பருப்பைக் களைந்து, அதன் தண்ணீரை அளந்து ஊற்றிக் கிண்ணத்தில் தயாராக வைத்திருப்பாள். நான்காவது கிண்ணத்தையும் அப்படியே வைத்திருந்தாள். அப்போதுதான் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இதை ஆறு மணிக்கு மேல வைக்கலாம்" என்றேன்.

மகள் துணியும் பாத்திரமுமாக நிமிர்ந்தாள். "ஏம்பா?"

"ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம்."

"ராகு காலத்துல பருப்பு வேகாதாப்பா?"

"வேகும். ஆனா இது மனை விஷயம்."

நான் ராகு காலம் பார்க்கிறவன் என்று சொல்ல முடியாது. பார்க்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவன். இரண்டும் வெளியில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மனைவி ஸ்டவ்வைத் தணித்தபடி சொன்னாள்: "திங்கக்கிழமை திங்கக்கிழமை ஏழே முக்கால் வண்டியைப் பிடிக்கறீங்க. அது ராகு காலந்தான். ஒருநாளாவது ரயில் கவிழ்ந்திருக்கா?"

"ஆபீஸ் என் சொந்தமில்லை."

"நல்லா இருக்கு நியாயம்."

மகள் சிரிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது ஊறிடுமே. மத்த மூணும் ஊறலை. களைஞ்ச உடனே அடுப்புல ஏத்திட்டோம். இது ஒன்றரை மணி நேரம் ஊறினா அது இன்னொரு மாற்றம் ஆயிடும்."

"தண்ணியை வடிச்சு எடுத்து வெச்சிடலாமே" என்றேன்.

"களைஞ்ச பருப்புப்பா. ஈரமாத்தானே இருக்கும்."

"அப்ப கீழ கொட்டிடு. ஆறு மணிக்கு வேற பருப்பு களைஞ்சுக்கலாம்."

மனைவி கேனைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். மூன்று முறை களைந்தது போக, அளந்து ஊற்றியது போக, மிச்சம் கால் டம்ளர்கூட வராது. அவ்வளவு சின்ன கேனை எடுத்துப்போன என் புத்தியை நான் அன்றிலிருந்து எத்தனையோ முறை நொந்துகொண்டிருக்கிறேன். ஐந்து லிட்டர் கேன் பரணில் இருந்தது. பைக்குள் நுழையாது என்று விட்டுப்போனேன்.

"இப்பவே ஏத்திடலாம்பா. ப்ளீஸ்."

ஏற்றவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். கிண்ணத்தில் பருப்பு சத்தமில்லாமல் உப்பிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குப் பார்த்தபோது தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஐந்தரைக்குப் பருப்பின் ஓரங்கள் வெளுத்திருந்தன. மூவாயிரம் போகிறதா, இருபத்திரண்டாயிரம் போகிறதா என்று மாற்றி மாற்றி நினைத்தேன். மனைவி எதுவும் நடக்காததுபோல மல்லிகைப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிம்மதியாக இருந்தது எனக்கு இன்னும் கவலையாக இருந்தது. கல் அவளுக்கு வந்தது. தூக்கம் எனக்குப் போனது.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு நான்காவது பருப்பு அடுப்பில் ஏறியது. முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் மனைவி மூன்று பருப்பை நசுக்கிவிட்டு விரலைக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி மசிந்திருந்தது.

குவார்ட்டர்ஸ் தண்ணீரைவிட ஐந்து நிமிடம் குறைவு! மகள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் நின்றாள்.

"எழுதும்மா."

"இதை எப்படிப்பா எழுதறது? ஊறினது."

எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் கணக்குப் பிரிவில் இருபத்தொரு வருடம் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஒரு தொகை இடிக்கிறதென்றால் அதற்குத் தக்க இன்னொரு தொகையைக் கூட்டியோ கழித்தோ நேர் செய்துவிடலாம் என்று கை தானாகப் போகும். மனைவியைக் கேட்டேன்: "ஊறின பருப்பு எத்தனை நிமிஷம் சீக்கிரமா வேகும்?"

"அதை யாரு கடிகாரம் வெச்சுப் பார்த்தா?"

"சுமாரா சொல்லு."

"அஞ்சு நிமிஷம் இருக்கும். பத்து நிமிஷம்னே வெச்சுக்கங்களேன்."

பத்தையே எடுத்துக்கொண்டேன். குறைவாக எடுத்தால் என்னை நானே ஏமாற்றிக்கொண்டதாகிவிடும் என்று பயம். முப்பத்துமூன்றும் பத்தும் நாற்பத்துமூன்று. அடிபம்புத் தண்ணீர் நாற்பத்துநான்கு. அந்த அடிபம்புத் தண்ணீரை டாக்டரிடம் சொன்னபோது, பரவாயில்லை, காய்ச்சிக் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆக மனையின் தண்ணீர் அதைவிட ஒரு நிமிடம் மேல். பத்தைக் கூட்டிய பிறகும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அது ஒரு வருடம்போல் பெரிதாகத் தெரிந்தது.

மகள் சொன்னாள்: "அப்படிக் கூட்டக் கூடாதுப்பா. பத்துன்னு நாம அளக்கலை."

"அம்மா சொல்றா. தினமும் சமைக்கிறவ."

"அம்மா அளக்கலை."

ஏழு மணிக்குத் தரகர் வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா சார், பருப்பு இன்னா சொல்லிச்சு?"

"ஆமான்னு சொல்லுது" என்றேன்.

"நான் சொன்னா கேக்கல. பருப்பு சொன்னா கேக்கறே!" என்று அவர் உள்ளே பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். "அண்ணீ, ஒரு டம்ளர் தண்ணி குடு."

மறுநாள் ஒன்பது மணிக்கு மேல், ராகு காலம் கழிந்தபின், பதிவு முடிந்தது. பணத்தை நானே மூன்று முறை எண்ணினேன், நிலத்துக்காரர் ஒருமுறை எண்ணினார். வீட்டுக்கு வந்து பத்திர ரசீதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பீரோவில் வைத்தால் அதே நினைவாக இருக்கும் என்று புதன்கிழமை கண்காட்சிக்குப் போகும்போதும் பையிலேயே வைத்திருந்தேன்.

பள்ளியின் இரண்டாம் மாடியில் ஒரு வகுப்பறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி அவற்றின் மேல் சோதனைகளைப் பரப்பியிருந்தார்கள். என் மகளின் பெஞ்சில் நான்கு கிண்ணம் இருந்தது. மூன்றில் வெந்த பருப்பு. நான்காவது காலி. பின்னால் ஒட்டிய சார்ட்டிலும் மூன்று கோடுதான் உயரமாக நின்றது. நான்காவது இடத்தில் ஒரு கேள்விக்குறி. பெற்றோர்கள் கூட்டத்தில் ஓரமாக நின்றுகொண்டேன்.

நடுவராக வந்தவர் காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்க்கிறவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் காலிக் கிண்ணத்தை விரலால் தட்டினார்.

"இதுல பருப்பு எங்கம்மா? நீயே சாப்பிட்டுட்டியா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்காமல் சொன்னாள்: "இல்ல சார். இதுலயும் செஞ்சோம். ஆனா சேர்த்துக்கலை. தண்ணியை மட்டும்தான் மாத்தணும். இதுல தண்ணியும் மாறிடுச்சு, ஊறின நேரமும் மாறிடுச்சு. மத்த மூணும் ஊறலை, இது தொண்ணூத்தஞ்சு நிமிஷம் ஊறிடுச்சு. சீக்கிரம் வெந்ததுக்குத் தண்ணி காரணமா, ஊறினது காரணமான்னு சொல்ல முடியாது சார்."

"அப்ப இந்த நாலாவது தண்ணி நல்லதா, கெட்டதா?"

"தெரியாது சார்."

"ஏன், மறுபடியும் செஞ்சு பார்த்திருக்கலாமே?"

"தண்ணி தீந்துபோச்சு சார். தூரத்துலேர்ந்து கொண்டுவந்தது."

அவர் தலையாட்டினார். "தெரியாதுன்னு எழுதறதுக்குக் கேள்விக்குறி போட்ட முதல் பொண்ணு இன்னிக்கு நீதான்" என்று சொல்லிவிட்டு, "சுமாரா ஒரு கணக்குப் போட்டுச் சொல்லேன், பார்ப்போம்" என்று தூண்டினார்.

மகள் என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அதுக்கு எவ்வளவு கூட்டறதுன்னு தெரியாது சார்" என்றாள். அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் பத்தைக் கூட்டியதை அவள் சொல்லவில்லை. நான் சட்டைப் பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ரசீது அங்கேயே இருந்தது.

அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் வெகுகாலம் கடுகு போட்டுவைத்திருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஐந்து லிட்டர் கேன் இரண்டைச் சைக்கிளின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு நானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அதே பொட்டலத்தில் மிச்சமிருந்த பருப்பு. அதே ஆழாக்கு, அதே ஸ்டவ், அதே கை. களைந்த ஐந்தாவது நிமிடத்தில் அடுப்பில் ஏற்றினோம். நாற்பத்துநான்காவது நிமிடம் வந்தபோது நான் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி நசுக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை அசைத்தாள். ஐம்பதில் இல்லை. ஐம்பத்திரண்டில், அதாவது எங்கள் வீட்டுக்காரர் கிணற்றுக் கணக்கிலும், இல்லை. ஐம்பத்தாறில் வெந்தது. ஒருமுறை போதாது என்று மகள் சொன்னதால் இன்னும் இரண்டு முறை செய்தோம். ஐம்பத்தேழு. ஐம்பத்தைந்து.

பிறகு மனைவி, "பத்து நிமிஷம்னு நான் சொன்னது அரை மணி ஊறின பருப்புக்கு" என்றாள். "எவ்வளவு நேரம் ஊறினதுக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். பதினொரு விஷயங்களைப் பிடித்து வைத்தோம். பன்னிரண்டாவது கிண்ணத்துக்குள் உட்கார்ந்து உப்பிக்கொண்டிருந்தது; எல்லோரும் அதைப் பார்த்தோம், ஒருத்தி வாய்விட்டும் சொன்னாள். அதற்கு நான் ஒரு விலை போட்டேன். அளக்காத ஒன்றுக்கு விலை போட்டால் அது மறைந்துவிடும் என்று நினைத்தேன்.

தரகரிடம் போய், மனையை விற்றுவிட முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா சார், ஒரு வாரந்தானே ஆச்சு? இன்னா ஆச்சு இப்போ?"

"பருப்பு வேகலை."

"போன வாரம் வெந்திச்சே?"

"அது ஊறின பருப்பு."

"வித்துடலாம் சார். உன்ன மாதிரி பருப்பு எட்த்துகினு வர்றவன் எவனும் வர மாட்டான்" என்றார். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று தரகரிடம் சொன்னேன். "அப்போ விக்காது" என்றார். விற்கவில்லை.

1991இல் கடன் வாங்கி அங்கேயே வீடு கட்டினோம். கிணறும் தோண்டினோம். தண்ணீர் நிறைய வந்தது. குளிக்கவும் துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் ஆயிற்று. சோப்பு நுரைக்கவில்லை, பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. அந்தக் கிணற்றிலிருந்து ஒரு டம்ளர்கூட மனைவியைக் குடிக்க விட்டதில்லை. முதல் இரண்டு வருடம் நண்பரின் குவார்ட்டர்ஸ் குழாயிலிருந்து அலுவலகம் விட்டு வரும்போது இரண்டு கேன் பிடித்துச் சைக்கிளில் கொண்டுவந்தேன். மழைநாளில் மேடவாக்கம் தாண்டியதும் சாலை சேறாகிவிடும்; இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன். முழங்கால் போனபின் மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் குடம் கணக்கில் வாங்கினேன். பிறகு லாரி வந்தது. கடைசியில் சீல் வைத்த பெரிய கேன்கள் வந்தன. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று டாக்டர் சொன்னதை ஒரு பழைய அளவுக் குவளையில் அளந்து வைப்பேன். "மருந்து வந்துடுச்சு" என்பாள். ராத்திரி படுக்கும்முன் குவளையைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

மகள் படித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் இப்போதும் முதலில் சமையலறைக்குப் போய், "இன்னிக்கு எந்தத் தண்ணிம்மா?" என்றுதான் கேட்பாள்.

1999 ஏப்ரலில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. முதல் குடத்தைப் பிடித்ததும் ஓர் ஆழாக்குப் பருப்பு வேகவைத்துப் பார்த்தோம், ஊறவைக்காமல். முப்பத்தொன்பது நிமிடம்.

மனைவிக்கு மறுபடியும் கல் வரவில்லை. நான் சுமந்த தண்ணீரால்தான் வரவில்லை என்று சொல்ல எனக்கு மிகவும் ஆசை. ஆனால் அந்த வருடங்களில் அவள் காப்பியைப் பாதியாகக் குறைத்தாள், தக்காளியை விட்டாள், தினமும் ஏரிக்கரை வரை நடந்தாள், டாக்டரையும் மாற்றினாள். இத்தனை மாறியிருக்கும்போது எது காரணம் என்று எப்படிச் சொல்வது? மகளைக் கேட்டேன். "கேள்விக்குறி போட்டுடுங்கப்பா" என்றாள்.

போட்டுவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். குழாய் வருகிற நாள் வரை மனைவி குடிக்கவும் பருப்பு வேகவும் வாங்கிய தண்ணீருக்கு, கேன், சைக்கிள் கேரியர், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து, பதினெட்டாயிரத்து நானூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.